சவரிமுத்துப் பூண்டு

என் அன்புக்கு என்றும் உரிய சவரிமுத்து,

நீ போய் இரண்டு ஐப்பசி கடந்துவிட்டது. இத்தனை நாள் கழித்தா கடிதம் என்று நீ சிரிப்பது எனக்குக் கேட்கிறது. "வாத்தியாரு ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மாடு சினையாகிக் கன்னும் போட்ரும்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னவன் நீ ஒருவன்தான். மற்றவர்கள் நான் அந்தப் பக்கம் போன பிறகு சொன்னார்கள்.

எண் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றும் அந்தப் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. ஆகவே சொல்ல வேண்டியவற்றை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. அந்தச் செடியின் பெயர் தெரிந்துவிட்டது.
2. பால் கசந்தது அந்தச் செடியால்தான். நீ சொன்னதே சரி.
3. அது நம் கரட்டடிக்கு வந்தது நீ வாங்கிவந்த கூட்டுக் கோதுமையில். ஆனாலும் அதற்காக உன்னை ஒருவரும் குறை சொல்லக் கூடாது.
4. ஆரோக்கியம், இஞ்ஞாசி, மயிலை, இவர்களின் நலம்.
5. நான் உனக்குக் கொடுக்கும் ஒரு வாக்கு.

இதை நம் வட்டாரத்து மாதத் தாளில் போடக் கொடுப்பதாக இருக்கிறேன். எனக்கு எழுதுவதை ஊர் ஏன் படிக்க வேண்டும் என்று கேட்பாய். மூன்றாவது குறிப்பு ஊருக்கும் சேர்த்துத்தான். அந்தச் செடிக்கு உன் பெயரை வைத்தவர்கள் அவர்கள் அல்லவா?

படிக்கிறவர்களுக்காக இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். சவரிமுத்து பால்காரன். திண்டுக்கல்லிலிருந்து கொடைரோடு போகும் வழியில், கரடு என்கிற பாறைக் குன்றுக்குக் கீழே இருக்கும் ஊர். மனைவி ஆரோக்கியம், மகன் இஞ்ஞாசி, மயிலை, செவலை என்று இரண்டு கறவை மாடுகள். காலையில் சைக்கிளில் பால்கேனைக் கட்டிக்கொண்டு டவுனுக்கு வருவான். என் வீட்டில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் காபி கிளப்புக்குக் கொண்டுபோவான். நான் உயர்நிலைப் பள்ளியில் சயன்ஸ் வாத்தியாராக இருந்தவன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது புல் ஒன்றுதான்.

அந்த நோட்டு இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது, சவரி. நினைவிருக்கிறதா? பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'சவரி சொன்னது', வலது பக்கம் 'நூல் சொன்னது'. நாம் அதைத் தொடங்கியபோது உனக்குத் தலையில் ஒரு நரைமுடி கிடையாது. சனிக்கிழமை தோறும் நான் கொடைரோடு பஸ்ஸில் வந்து இறங்குவேன். கரட்டடி மேய்ச்சலில் நீ முன்னே நடப்பாய், நான் குடையும் நோட்டுமாகப் பின்னே வருவேன். அருகு, செவ்வருகு, கொழுக்கட்டைப் புல், ஒட்டுப்புல் என்று நீ காலால் தொட்டுத் தொட்டுச் சொல்வாய். நான் குனிந்து, பிடுங்கி, கண்ணாடி வைத்துப் பார்த்து, வீட்டுக்கு வந்து தடித்த தாவர நூலைப் புரட்டி வலது பக்கத்தை நிரப்புவேன். சில புற்களுக்கு எனக்கு ஒரு மாதம் ஆகும். உனக்கு ஒரு நொடி.

"நூலுல இருக்கா வாத்தியாரே?" என்று மறுநாள் பால் ஊற்றும்போது கேட்பாய்.

"இருக்கிறது."

"அப்ப அது புல்லுதேன். விடுங்க, மாடு தின்னட்டும்."

கேலிதான். ஆனால் அந்தக் கேலியில் ஒரு மரியாதையும் இருந்தது. நூலில் இருந்தால்தான் ஒன்று உண்மை என்று நான் நினைக்கிறேன் என்பதை நீ கண்டுகொண்டிருந்தாய். அதை எதிர்த்து நீ ஒரு நாளும் பேசியதில்லை. பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

நூற்றுப் பதினான்காவது வரிசை. அதற்கு இரண்டு பக்கமும் காலியாக இருந்தன. அந்த ஒரு வரிசைக்குத்தான் அப்படி நேர்ந்தது.

அரிசிக்குத் தட்டுப்பாடு வந்து, ரேஷனில் கோதுமை போட்ட காலம் அது. கொடைரோடு ரயில் நிலையத்தில் கோதுமை வேகன் வந்து இறங்கும்போது தரையில் சிந்துவதைக் கூட்டி அள்ளி மாட்டுத் தீவனத்துக்கு விற்றார்கள். மழையில்லாமல் புல் கருகிப்போயிருந்தது. நீ இரண்டு சாக்கு வாங்கி வந்தாய். அதைத்தான் ஊரில் கூட்டுக் கோதுமை என்றார்கள். அதே வருஷம் ஐப்பசி மழை விழுந்த பத்தாம் நாள், பால் ஊற்ற வந்தவன் தலைத்துண்டை அவிழ்த்து ஓர் இலையை எடுத்து என் கையில் வைத்தாய்.

"வாத்தியாரே, இது என்னத்த சேர்ந்தது? மரிக்கொழுந்து மாதிரி இருக்கு, மோந்து பார்த்தா மரிக்கொழுந்து இல்ல. கேரட்டு மாதிரி இருக்கு, கேரட்டும் இல்ல. எங்கய்யா காலத்துலருந்து நான் இந்தக் கரட்டுல மாடு மேய்க்கிறேன். இதப் பார்த்ததே இல்ல."

அந்தச் சனிக்கிழமை வந்து பார்த்தேன். கரட்டடியின் நடுவே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தருகே ஒரே ஒரு செடி. இலைகள் தரையோடு தரையாக, கவிழ்த்து வைத்த தட்டுப் போல வட்டமாகப் பரவியிருந்தன. ஒவ்வோர் இலையும் ஆழமாகப் பிளந்து, பிளந்தது மறுபடி பிளந்து, கத்தரிக்கோலால் வெட்டியது போல இருந்தது. தொட்டால் மெல்லிய சொரசொரப்பு. அந்தத் தட்டுக்கு அடியில் அருகம்புல் வெளுத்துப்போயிருந்தது. அதையும் நோட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர, அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை.

"மாடு மோந்து பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிருச்சு. புடுங்கிப் போட்ருவமா?" என்று கேட்டு நீ குனிந்தேவிட்டாய்.

நான் உன் தோளைப் பிடித்தேன். இலையை வைத்து ஒரு செடியை அடையாளம் காண முடியாது, பூ வேண்டும் என்றேன். பூக்கும் வரை ஆடு மாடு வாய் வைக்காமல் பார்த்துக்கொள் என்றும் சொன்னேன்.

போய் உடைமுள் வெட்டி வந்து, அந்த ஒற்றைச் செடியைச் சுற்றி இடுப்பளவுக்கு வேலி கட்டினாய். முள் கிழித்த கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "என் பொஞ்சாதிக்குக்கூட நான் இம்புட்டுக் காவல் போட்டதில்ல வாத்தியாரே" என்றாய். புல் சுமந்துகொண்டு அந்தப் பக்கம் வந்த ஆரோக்கியம், "போட்டுத்தேன் பாரேன், அன்னைக்குக் கஞ்சி கெடைக்காது" என்றாள். நாம் மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு என்னவோ செய்கிறது.

கார்த்திகைக் கடைசியில் பூத்தது. வரிவரியான தண்டு எழும்பி, கிளை விட்டு, நுனியெல்லாம் ஜவ்வரிசி தூவியது போல வெள்ளைப் பூக்கள். கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு பூவும் ஒரு கூட்டம்; ஓரத்தில் ஐந்து சின்ன இதழ்கள், ஐந்து மூலைகள். சூரியகாந்திக் குடும்பம் என்ற வரைக்கும் தைரியமாக வந்தேன். அதற்கு மேல் நூல் வழி காட்டவில்லை. இலை எப்படி, இதழ் எத்தனை என்று நூல் கேட்கும் ஒவ்வொரு கேள்வியாகப் படித்து வந்தால் எங்கோ ஒரு வாசலில் கதவு மூடியிருந்தது. நூலில் இல்லாத செடி நம் மண்ணில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான்தான் எங்கோ தவறாகப் பார்த்திருக்கிறேன் என்று என்னையே சந்தேகித்துக்கொண்டேன்.

கடைசியில் உன்னிடம், "மாசிப்பத்திரியைச் சேர்ந்த ஏதோ ஒரு வகை. தீங்கு ஒன்றும் இருக்காது. விதையையும் பார்த்துவிட்டால் உறுதியாகச் சொல்லிவிடுவேன்" என்றேன்.

விதை முற்றுவதற்குள் பாலசமுத்திரத்தில் என் தங்கைக்கு உடம்பு முடியவில்லை என்று ஆள் வந்தது. மார்கழி முழுக்க அங்கேயே இருக்கும்படி ஆயிற்று. பொங்கல் முடிந்த மறுநாளே மூட்டை கட்டினேன். தங்கை வீட்டுக்காரர், "ஏனுங் மச்சான், இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமில்லீங்க? அங்க யாருங்க காத்துட்டிருக்காங்க?" என்று கேட்டார். ஒரு செடி என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பழனி பஸ் நிலையம் வரைக்கும் கூட வந்தார்.

நான் வந்து பார்த்தபோது வேலிக்குள் செடி காய்ந்து பழுப்பாக நின்றது. எடுத்து வந்து தாளுக்குள் வைத்து அழுத்தி, பலகை கட்டி வைத்தேன். விதை கறுப்பு, தட்டை, எள்ளிலும் சிறியது என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த ஐப்பசியில் என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்ல வேண்டுமா?

கரட்டடி பச்சைப் பசேலென்று ஆனது. நான் பஸ்ஸிலிருந்து பார்த்துவிட்டுப் புல் நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். இறங்கி வந்து பார்த்தால் பாதிக்குப் பாதி அந்தத் தட்டு இலைகள். ஊராரும் முதலில் அதைத் தொல்லையாக நினைக்கவில்லை. மார்கழியில் வெள்ளைப் பூவாகப் பூத்து நின்றபோது, பூக்கட்டும் பெண்களுக்கு அது மரிக்கொழுந்துக்குத் தங்கை மாதிரி இருந்தது. சும்மா கிடைக்கிற பூ. வனத்து அந்தோணியார் திருவிழாவுக்கு மாடுகளை மந்திரிக்க ஓட்டிப்போகும் அன்று, சப்பரத்து அந்தோணியாருக்கும் ஊரிலிருந்த அத்தனை மாட்டின் கழுத்திலும் அந்த மாலைதான். மயிலைக்கு ஆரோக்கியம் இரட்டைச் சரம் கட்டியிருந்தாள்.

சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வரும்போதே மாடுகள் கழுத்தை ஆட்ட ஆரம்பித்தன. சப்பரம் தூக்கினவர்கள் ஒரு கையால் தூக்கி மறு கையால் பிடரியைச் சொறிந்தார்கள். மாலை கட்டிய பெண்களுக்கு மறுநாள் விரலெல்லாம் தடிப்பு. நீ மட்டும், "அந்தோணியாரு சும்மா இருக்காரு, நமக்குத்தேன் அரிக்குது. அப்ப அவரு புனிதருதேன், சந்தேகமே இல்ல" என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தாய்.

சிரிப்பு தை மாதத்தோடு நின்றது. நல்ல புல் காய்ந்து, பின்னால் முளைத்த இந்தச் செடி மட்டும் பச்சையாக நிற்க, மாடுகள் பசிக்கு இதையும் கடிக்க ஆரம்பித்தன. ஒரு நாள் காலை என் மனைவி கமலம் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். அன்றே காபி கிளப்பில் முதலாளி எல்லார் எதிரிலும் உன்னிடம் கேட்டார்.

"என்ன சவரி, வேப்பெண்ணெய்க் கேனுல பால் கொண்டாந்தியா? இல்ல, மாட்டுக்கு மாத்திரை கீத்திரை குடுத்தியா?"

"சத்தியமா ஒண்ணும் கலக்கலங்கய்யா. எம் மாட்டுப் பாலுங்க."

"அப்ப உம் மாட்டயே குடிக்கச் சொல்லு."

நீ இதை என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் கேனின் மூடியைத் திருகித் திருகி மூடிக்கொண்டே இருந்தாய். பதினைந்து வருஷமாக உன் பாலில் தண்ணீர் கலந்ததாகக்கூட ஒருவர் சொன்னதில்லை.

"அந்தச் செடிதேன் வாத்தியாரே" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? நிரூபிக்க வேண்டும் என்றேன். செவலையைக் கட்டிப்போட்டுச் சோளத்தட்டை மட்டும் போடு. மயிலையை வழக்கம்போல மேய விடு. எட்டு நாள் இரண்டு பாலையும் தனித்தனியாகக் கொண்டு வா. நீ அப்படியே செய்தாய். நான் தினமும் இரண்டு டம்ளரிலும் குடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். மயிலையின் பால் கசந்தது, செவலையுடையது கசக்கவில்லை. எட்டாம் நாள் நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய். நான், ஒரு மாட்டை வைத்து முடிவு செய்துவிட முடியாது என்றேன்.

"சரி வாத்தியாரே. அப்ப நான் இன்னும் நாலு மாடு வாங்கிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்தாய்.

அந்த வாரத்தில்தான் நான் கரட்டடியை அடி அடியாக நடந்து ஒரு படம் வரைந்தேன். செடி நெருக்கமாக இருந்த இடத்தில் நிறையப் புள்ளி, அரிதாக இருந்த இடத்தில் குறைவான புள்ளி. அழகாக வந்திருந்தது. நீகூட, "கோலம் மாதிரி இருக்கு" என்றாய். அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வைத்தேன்.

ஊர் அதற்குள் தன் முடிவுக்கு வந்துவிட்டது. செடி முளைத்த வருஷம் கோதுமை வாங்கியது யார்? சவரிமுத்து. வேறு யார் வீட்டுக்காவது அந்தச் சாக்கு வந்ததா? இல்லை. ஆக, சவரிமுத்துப் பூண்டு. டீக்கடையில் பேச்சுவாக்கில் பிறந்த பெயர், ஒரு மாதத்தில் சின்னப்பிள்ளை வாய் வரைக்கும் போய்விட்டது.

"ஊருல ஆசுபத்திரிக்குப் பேரு வைக்கிறான், பள்ளிக்கூடத்துக்குப் பேரு வைக்கிறான். எனக்கு ஒரு பூண்டக் கண்டுபிடிச்சிருக்கானுக. எழுதிக்கங்க வாத்தியாரே, எடது பக்கம் காலியாத்தான கெடக்கு?" என்றாய்.

நான் எழுதினேன், சவரி. நூற்றுப் பதினான்கு: 'சவரிமுத்துப் பூண்டு'. நீ சொன்னதை அப்படியே எழுதுவதுதானே நம் முறை. பேனாவை மூடும்போது நீ வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அந்த ஆவணியில், கறவை முடித்து எழுந்தவன் மயிலையின் மேலேயே சாய்ந்துவிட்டாய். பால் சிந்தவில்லை என்று ஆரோக்கியம் அழுதுகொண்டே சொன்னாள். எதற்காக அதைச் சொன்னாள் என்று எனக்கு வெகுநாள் புரியவில்லை; சாகும்போதும் நீ ஒருவருக்கும் நஷ்டம் வைக்கவில்லை என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

இனி வரிசைப்படி வருகிறேன்.

முதல் குறிப்பு. நீ போன பிறகுதான் எனக்கு வெட்கம் வந்தது. காய வைத்திருந்த செடியை விவசாயக் கல்லூரி ஒன்றுக்குத் தபாலில் அனுப்பினேன். பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. ஒரு கார்டு. பார்த்தீனியம் என்று பெயர். அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் நாட்டில் பரவ ஆரம்பித்துச் சில வருஷங்கள்தான் ஆகின்றன. அதனால்தான் நம் பழைய நூல்களில் இல்லை. மேய்ச்சலைக் கெடுக்கும். தொட்டால் தோல் தடிக்கும். கார்டின் கடைசி வரி: 'பூப்பதற்கு முன் வேரோடு பிடுங்கி எரிக்கவும்.' வலது பக்கத்தை நிரப்பினேன். அந்தக் கடைசி வரியை மட்டும் நோட்டில் ஏற்றவில்லை. ஏன் என்று அப்போது என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை.

இரண்டாவது. அந்தக் கார்டிலேயே இருந்தது: இதைத் தின்னும் மாட்டின் பால் கசக்கும். நான் காபி கிளப்புக்குப் போனேன். எனக்கு அப்படியெல்லாம் போய்ப் பேசிப் பழக்கமில்லை என்று உனக்குத் தெரியும். வாசலில் இரண்டு தரம் போய்த் திரும்பி, மூன்றாம் தரம் உள்ளே நுழைந்து கார்டை முதலாளியிடம் படித்துக் காட்டினேன். அவர் கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். "பாவி மனுசன், ஒரு வார்த்தை எதுத்துப் பேசலையே" என்றார். மறுநாளிலிருந்து இஞ்ஞாசியிடம் பால் வாங்குகிறார்.

மூன்றாவது.

இந்த இடத்தில் கடிதம் மூன்று நாள் நின்றுவிட்டது, சவரி. நான் எழுத நினைத்திருந்தது இதுதான்: மாட்டுக்குத் தீவனம் இல்லாத காலத்தில் கிடைத்ததை வாங்கிப் போட்டவன் மேல் என்ன குற்றம், அதில் என்ன விதை இருந்தது என்று யாருக்குத் தெரியும், ஊர் பெரிய மனது பண்ணி அந்தப் பெயரை மறந்துவிட வேண்டும் என்று. பேனாவில் மை போட்டுக்கொண்டிருக்கும்போது ஆரோக்கியம் வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, பஞ்சாயத்துல எல்லாரையும் கூட்டிப் பூண்டு புடுங்கப் போறாகளாம். நல்லதுதேன். ஆனா பள்ளிக்கூடத்துச் செவுத்துல பெரிசா எழுதுறாகளாம்ல, சவரிமுத்துப் பூண்டை ஒழிப்போம்னு. இஞ்ஞாசி ரெண்டு நாளாச் சோறு திங்கல. அந்தச் செவுத்துப் பக்கமாத்தான அவன் தெனம் பால் கொண்டுட்டுப் போகணும்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே. நீங்க சொன்னாக் கேப்பாக."

சொல்கிறேன் என்றேன். கோதுமை வாங்கியது ஒன்றும் பாவமில்லையே என்று சமாதானமும் சொன்னேன்.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "கோதுமையா? அதுல எப்படிண்ணே மொளைக்கும்? கல்லும் மண்ணுமாக் கெடந்துச்சுன்னு நாந்தேன சலிச்சேன். சலிச்ச தூசி அம்புட்டையும் அடுப்புல போட்டு எரிச்சேன். கோதுமைய அவுக அண்டாவுல வேக வச்சுக் கஞ்சியாத்தேன் மாட்டுக்குக் காட்டுனாக. வெந்தது மொளைக்குமாண்ணே?"

இதை நீ ஏன் ஊரில் சொல்லவில்லை என்று அவளிடம் கேட்டேன்.

"நான் தலையால அடிச்சுக்கிட்டேன், போயிச் சொல்லுங்கன்னு. 'சும்மா கெட. நான் இல்லைன்னு ஆச்சுன்னா, அப்பறம் வேற ஆளத் தேடுவானுக' அப்படின்னாக. எனக்கு அது என்னன்னே வெளங்கல."

ஆரோக்கியத்துக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது.

அவள் போன பிறகு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்தேன். நானே அடி அடியாக நடந்து வரைந்த படம். உன் தொழுவத்தருகே ஒரு புள்ளி இல்லை. சாணம் கொட்டும் குப்பைமேட்டில் ஒன்றுகூட இல்லை; கோதுமையில் வந்திருந்தால் முதலில் அங்கேதான் முளைத்திருக்கும். அங்கிருந்து பள்ளத்தை நோக்கிப் போகப் போகப் புள்ளிகள் நெருங்குகின்றன. எல்லாவற்றுக்கும் நடுவில், பென்சிலால் கறுப்பாக்கியது போல நெருக்கமான ஓர் இடம். அதற்குள் என் கையெழுத்தில் சின்னதாக: 'முள்வேலி'.

மறுநாள் உன் வீட்டுக்குப் போய்க் குப்பைமேட்டைச் சுற்றிப் பார்த்தேன். நிரூபிக்க வேண்டும் அல்லவா? இன்றைக்கும் அங்கே ஒரு செடி இல்லை.

நீ குனிந்தபோது உன் தோளைப் பிடித்து நிறுத்தியது இந்தக் கை. பூக்கட்டும் என்றேன். பூத்த பிறகு விதை விடட்டும் என்றேன். விதை உதிர்ந்தபோது பாலசமுத்திரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஆடு மாடு வாய் வைக்காமல், நீ முள்ளில் கையைக் கிழித்துக்கொண்டு காவல் காத்துக் கொடுத்தாய். அந்த ஒற்றைச் செடி காற்றில் வந்ததோ, லாரிச் சக்கரத்தில் வந்ததோ, எனக்குத் தெரியாது. வந்தது ஒன்றுதான். அதை ஆயிரமாக்கியது யார் என்று தெரிகிறது.

உனக்கு எப்போது தெரிந்தது, சவரி? படத்தைப் பார்த்து 'கோலம் மாதிரி இருக்கு' என்றாயே, அப்போதா? எழுதிக்கங்க வாத்தியாரே என்று சொன்னபோது எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்? காபி கிளப்பில் அத்தனை பேர் எதிரில் நின்றபோதும் உனக்குத் தெரிந்திருந்ததா? என்னைப் போன்ற ஒரு பயந்தவன் ஊர் வாயில் விழுந்தால் தாங்கமாட்டான் என்று நீயே முடிவு செய்துவிட்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே.

கேட்டிருந்தால் 'இன்னும் பார்க்கலாம்' என்றுதான் சொல்லியிருப்பேன். அதையும் நீ அறிவாய்.

நான்காவது. ஆரோக்கியம் திடமாக இருக்கிறாள்; முட்டுவலி மட்டும். இஞ்ஞாசி உன்னைப் போலவே மணியை இரண்டு தரம் அடித்துவிட்டுத்தான் சைக்கிளை நிறுத்துகிறான். உன்னைவிடக் குறைவாகப் பேசுகிறான். அதிலும் இந்த வாரம் பேச்சே இல்லை. மயிலை ஒரு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பால் தித்திக்கிறது. கமலம் காபியைக் குடித்து முடிக்கும் வரை நான் டம்ளரையே பார்க்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறாள்.

ஐந்தாவது, என் வாக்கு. முதலில் நான் நினைத்திருந்தது, உன் பெயரை மன்னித்து மறக்கும்படி ஊரைக் கேட்பேன் என்பது. அது இனிப் போதாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பஞ்சாயத்து கூடும்போது, சுவரில் எழுதுவதற்கு முன், நான் எழுந்து நிற்பேன். படத்தைக் கையில் கொண்டுபோவேன். முள்வேலியைத் தொட்டுக் காட்டுவேன். குரல் நடுங்கும், நடுங்கட்டும். சுவரில் பார்த்தீனியம் என்று எழுதுங்கள் என்பேன். அது வாயில் நுழையவில்லை என்றால், வாத்தியார் பூண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள் என்பேன். பிறகு கையில் சாக்கைச் சுற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்திலிருந்து பிடுங்க ஆரம்பிப்பேன். பூப்பதற்கு முன்.

மையால் எழுதியதை நான் அடிப்பதில்லை. மாணவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தின் தொடக்கத்தில் இருக்கும் வரிசையை எழுதியது எழுதியபடியே விட்டிருக்கிறேன். படிப்பவர்கள் நான் எப்படி நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் பார்க்கட்டும். ஆனால் நோட்டில், நூற்றுப் பதினான்காவது வரிசையின் இடது பக்கத்தில், உன் பெயரின் மேல் இன்று காலை ஒரு கோடு போட்டேன். அந்த நோட்டில் இருக்கும் ஒரே அடித்தல் அதுதான்.

சவரி, மேலே எழுதிய மூன்றாவது குறிப்பு தவறு.

உன் இஞ்ஞாசி பெரியப்பா என்று கூப்பிடும்,
உன் உடன்பிறவா அண்ணன்.